கடைசி ஆறு யூனிட்

2019 ஆவணி மாதம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது ரசத்துக்காகக் காத்திருந்தபோது, அக்கா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“டேய், நீ சிதம்பரம் வழியாத்தான போற? தம்பிய ஒரு எட்டு பாத்துட்டுப் போ. ரூம்ல பசங்களுக்குள்ள ஏதோ சண்டையாம். போன்ல கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்.”

தம்பி என்று அவள் சொல்வது தன் மகனை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று திருவேட்களம் பக்கம் ஒரு மாடி வீட்டில் மூன்று பேரோடு வாடகைக்கு இருந்தான். இந்த வயசில் பையன்களுக்குள் சண்டை என்றால் என்னவாக இருக்கும்? பெண், சினிமா, சாதி, அரசியல்... நான் இந்த வரிசையில்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால், கரன்ட் பில்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு அன்று இரவு பத்தரை மணி வரை அந்த வீட்டை விட்டு என்னால் கிளம்ப முடியவில்லை.

நாலு பேரும் கடலூர் மாவட்டம்தான். பெயர் வேண்டாம். அவர்களே ஒருவரையொருவர் ஊர் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். என் அக்கா மகன் கடலூர். மற்றவர்கள் பண்ருட்டி, நெய்வேலி, காட்டுமன்னார்கோவில். கதவுக்குப் பின்னால் ஆணியில் வெள்ளை மீட்டர் அட்டை தொங்கியது. அதில் அந்த வாரம்தான் ரீடிங் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு 506 யூனிட். 1,820 ரூபாய்.

“ஆளுக்கு 455. இதுல என்னடா பிரச்சினை?” என்றேன்.

“அதில்ல மாமா. ஐநூறோட நின்னிருந்தா 1,130 ரூபாதான் வந்திருக்கும்” என்றான் அக்கா மகன்.

எனக்குப் புரியவில்லை. ஆறு யூனிட்டுக்கு 690 ரூபாயா? ஒரு யூனிட் 115 ரூபாயா? தங்கக் கம்பியில் கரன்ட் அனுப்புகிறார்களா என்ன?

சிதம்பர ரகசியம் என்பார்களே, திரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் வெளி, அது மாதிரிதான் நம் மின் கட்டணமும். அப்போதிருந்த கணக்கு இது. முதல் நூறு யூனிட் எல்லாருக்கும் இலவசம். இரண்டு மாதத்தில் மொத்தம் ஐநூறுக்குள் இருந்தால் அடுத்த நூறு யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் ஐநூறு வரை 3 ரூபாய். ஐநூற்றை ஒரு யூனிட் தாண்டிவிட்டால், தாண்டிய அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. நீங்கள் ஏற்கெனவே எரித்து முடித்த யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். 2 ரூபாய் மூன்றரை ஆகும். 3 ரூபாய் 4.60 ஆகும். தாண்டியதற்கு 6.60. நிலைக்கட்டணம் 30 ரூபாய் 50 ஆகும். ஆக, ஐநூறாவது யூனிட்டுக்கும் ஐநூற்று ஓராவது யூனிட்டுக்கும் நடுவில் 656 ரூபாய் ஆழத்துக்கு ஒரு பள்ளம். 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தை எடுத்தார்கள். 500 யூனிட்டுக்கு 1,725 என்றும் 501 யூனிட்டுக்கு 1,958 என்றும் ஆயிற்று. பள்ளத்தின் ஆழம் 233 ஆகக் குறைந்ததே தவிர, தூர்ந்துவிடவில்லை. 2024இல் இன்னொரு முறை விலை ஏறியது.

இருக்கட்டும். சண்டைக்கு வருவோம். அந்தக் கடைசி ஆறு யூனிட்டை எரித்தது யார்? இதுதான் வழக்கு.

“பண்ருட்டிதான் மாமா. நைட் ரெண்டு மணிக்கு இண்டக்ஷன் ஸ்டவ்வுல முட்டை வேகவைக்கிறான்.”

“நான் முட்டை வேகவச்சது பத்து நிமிசம். நீ கல்யாணத்துக்குப் போட்டுக்கப் போறன்னு ஆறு சட்டைய ஒண்ணாத் தேச்சியே, அது என்ன கணக்கு?”

“நான் பதினஞ்சு நாள் ஊர்லயே இல்ல. எனக்கு ஏன் கால் பங்கு?” இது நெய்வேலி.

“நீ இல்லாதப்ப ஃபிரிட்ஜ் நின்னுடுச்சா? உன் ஊறுகாயும் அதுலதான இருந்துச்சு?”

காட்டுமன்னார்கோவில் மட்டும் எதுவும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பேப்பரை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டிருந்தான்.

என்னைப் பஞ்சாயத்துக்காரனாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நானும் பேப்பர், பேனா கேட்டேன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பதின்மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட். அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரத்திலேயே அந்த ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட். மூன்று ஃபேன், நாலு லேப்டாப், செகண்ட்ஹேண்டில் வாங்கிய குட்டி ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார்... கூட்டிப் பார்த்தால் ஐநூறு சொச்சம் சரியாகத்தான் வந்தது. திருட்டுக் கனெக்ஷன், மீட்டர் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் கடைசி ஆறு யூனிட் யாருடையது என்பது மட்டும் எந்தக் கூட்டலிலும் வரவில்லை.

எப்படி வரும்? வண்டியில் ஏற்றுவது மயில் இறகுதான் என்றாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். முறித்தது எந்த இறகு என்று மட்டும் எந்த வாத்தியாரும் கேட்கவில்லை. கடைசியாக வைத்த இறகு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் வைத்த இறகுகள் இல்லாவிட்டால் கடைசி இறகால் என்ன செய்திருக்க முடியும்? முதல் நாள் ஓடிய ஃபேனும் கடைசி நாள் வெந்த முட்டையும் அந்த 506இல் ஒரே எடைதான். கடைசியில் வந்தவன் தலையில் பழியைக் கட்டுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பஸ்ஸில் கடைசியாக ஏறியவனைப் பார்த்துத்தானே எல்லாரும் முறைக்கிறோம்!

இந்த மாதிரி நான் பேச ஆரம்பித்ததும் பையன்கள் முகத்தில் “மாமா லெக்சர் எடுக்கிறார்” என்பது தெரிந்தது. பண்ருட்டி எழுந்து டீ போடப் போனான். இண்டக்ஷன் ஸ்டவ்வில்தான்.

சமமாகப் பங்கு போடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிகள் சொன்னதை இஸ்ரேலில் ஆராய்ச்சி செய்தே நிரூபித்திருக்கிறார்கள். யூரி க்னீஸி, எர்னன் ஹாருவி, ஹதாஸ் யாஃபே என்ற மூன்று பேர் 2004இல் வெளியிட்ட கட்டுரை. ஒரு உணவகத்தில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்தார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்ட வேண்டும் என்றபோது ஆளுக்குச் சராசரியாக 37 ஷெகலுக்குச் சாப்பிட்டார்கள். மொத்த பில்லையும் ஆறாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றபோது அது 51 ஆனது. பில் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் செலவு என்றபோது 82. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் அவரவர் பில்லை அவரவர் கட்டுவதையே விரும்பினார்கள் என்பது. ஆறாகப் பிரித்தால் தாங்களே கூடுதலாகச் சாப்பிடுவோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

சரி, அப்படியானால் எரித்த அளவுக்குப் பணம் என்று ஆக்கிவிடலாமா? ஆளுக்கொரு சப் மீட்டர் மாட்டிவிடலாமா? ஃபேனுக்கு அடியில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். காற்று யார் மேல் எவ்வளவு பட்டது என்று எந்த மீட்டர் சொல்லும்?

மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் காலத்தில் நான் படித்த விடுதியில் (எந்த ஊர், எந்த விடுதி என்பதெல்லாம் வேண்டாமே) ஹீட்டர் காயில் வைத்துக்கொள்ளத் தடை. நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு காயில் வாங்கி, செங்கல்லில் குடைந்து, ராத்திரியில் பால் காய்ச்சினோம். வார்டன் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். ஒரு நாள் அது பழுக்கப் பழுக்க இருக்கும்போதே தள்ளி, ஒருவன் டிரங்க் பெட்டியின் அடிப்பக்கம் கருகியது. இந்தக் கதையை இன்று வரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். அது திருட்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யாரிடமிருந்து திருடினோம் என்பது கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம். பக்கத்து ரூம் பையனின் ஒரு சோப்பை எடுத்திருந்தால்கூட நாலு நாள் உறுத்தியிருக்கும்.

டீ வந்தது. நெய்வேலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “மாமா, எங்க ஊரு மண்ணைத் தோண்டித்தான் இந்த ஃபேன் சுத்துது. அந்தப் பங்க எந்த அட்டைல எழுதுறது?”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது விளையாட்டு இல்லை. 1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956இல் நிறுவனம், 1957இல் சுரங்கம், 1962இல் முதல் அனல் மின்சாரம். அந்த முதல் நிலையம் கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஓடி 2020இல் மூடப்பட்டது. புதிய நிலையங்கள் ஓடுகின்றன. மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, தென் மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நகர்ந்திருக்கின்றன. இந்தச் சண்டை நடந்து நாலு வருஷம் கழித்து, 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிர் மேல் இயந்திரத்தை விட்டார்கள். நிலத்தை எப்போதோ கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். இழப்பீடும் வேலையும் சரியாக வரவில்லை என்றார்கள் விவசாயிகள். காகிதத்தில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது வேறு. கதிர் விடப்போகும் பயிரை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நெய்வேலிப் பையன் கேட்டது அப்போதுதான் எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது.

அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மின்சாரத்தைப் பற்றிப் பேச உரிமை கொஞ்சம் கூடுதல். 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். கூரைக்கு மேலேயே உயரழுத்தக் கம்பி போகும், கீழே குடிசையில் சிம்னி விளக்கு எரியும். அதற்குச் சற்று முன்னால், 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடிகாலையில் தானே புயல். கடலூரில் கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அக்கா தெருவில் ஒரு ஜெனரேட்டரை வண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் அரை மணி நேரம் மோட்டாரை ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்கு முதலில்? யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர் வீடு, அப்புறம்தான் மற்றது. அதே தெருமுனையில் மெழுகுவத்தியை மூன்று மடங்கு விலைக்கு விற்றவரும் உண்டு. புயல் எல்லாரையும் நல்லவராக்கிவிட்டது என்று சொன்னால் அக்காவே சண்டைக்கு வருவாள்.

இப்படி யோசித்துக்கொண்டே பேப்பரில் கிறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு கணக்கு தட்டுப்பட்டது. நாலு பேரும் தனித்தனி வீட்டில், தனித்தனி கனெக்ஷனில் இதே கரன்ட்டை எரித்திருந்தால் ஆளுக்கு 126½ யூனிட். நூறு இலவசம். மீதிக்கு யூனிட் ஒன்றரை ரூபாய், நிலைக்கட்டணம் 20. ஆக, ஆளுக்கு அறுபது ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்து 240. ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து வாழ்ந்த குற்றத்துக்கு 1,820.

அதிகம் எரிப்பவன் அதிகம் கொடுக்கட்டும் என்ற ஸ்லாப் முறையில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மூன்று ஏசி ஓட்டுபவரும் ஒரு ஃபேன் ஓட்டுபவரும் ஒரே விலை கொடுப்பது நியாயமில்லை. ஆனால் மீட்டர் வீட்டைப் பார்க்கிறதே தவிர, வீட்டுக்குள் எத்தனை தலை என்று பார்ப்பதில்லை. கூட்டுக் குடும்பம், நாலு பையன்கள் ரூம், வேலைக்குப் போகும் ஆறு பெண்கள் சேர்ந்து எடுத்த ஃபிளாட் எல்லாமே அதன் கண்ணுக்கு ஒரு பணக்காரன். சிதம்பரத்திலேயே, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாடகைக்காரப் பையன்களிடம் சப் மீட்டர் பார்த்து வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பையன்கள் சொன்னார்கள். அப்படியென்றால் சர்க்கார் கொடுத்த அந்த நூறு இலவச யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு விலை போகிறது. சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ. எங்கள் ஊரில் தண்ணீர்ப் பந்தலில் மோரை வாங்கி வெளியே வந்து விற்பவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பத்திரிகையில் எழுத முடியாது.

அந்த நூறு யூனிட் திட்டம் 2016 மே 23ஆம் தேதி, ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்தானது. அதே மே 23ஆம் தேதிதான், 1867இல், நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில் வள்ளலார் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். தற்செயல்தான். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. பசி என்று வருகிறவரிடம் உன் பங்கு எத்தனை, போன மாதம் எத்தனை கவளம் சாப்பிட்டாய் என்று அங்கே கேட்பதில்லை. கேட்காமலேயே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அது நடப்பது எப்படி என்று யோசித்தால், வயிறு ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லிவிடும். ஏசி சொல்லாது, ஃபிரிட்ஜ் சொல்லாது. சோற்றுக்குச் சரிப்பட்ட தர்மம் கரன்ட்டுக்கு அப்படியே சரிப்பட்டு வராது. இங்கே யாராவது எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோடு போட்டால் ஒருவன் அதற்கு அந்தப் பக்கம் ஆறு யூனிட் தள்ளி நிற்பான்.

மணி ஒன்பது இருக்கும். காற்றே இல்லை. மழைக்கு முந்திய சிதம்பரத்துப் புழுக்கம் தெரியும்தானே? சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மொட்டை மாடிக்குப் போனேன். காட்டுமன்னார்கோவில் அங்கே இருந்தான். தெரு விளக்கின் வெளிச்சம் விழும் மூலையில், கைப்பிடிச் சுவரோரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா, இங்க?”

“இங்க காத்து வருது மாமா.”

ஒரு இலைகூட அசையவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். அப்பாவுக்கு வீராணம் ஏரிப் பாசனத்தில் விவசாயக் கூலி வேலை. ஸ்காலர்ஷிப் பணம் இன்னும் வரவில்லை. பில் அட்டையில் 1,820 என்று எழுதிய நாளிலிருந்து, மற்றவர்கள் வெளியே போனதும் ஃபேனை நிறுத்திவிடுகிறானாம். சட்டையைத் தேய்ப்பதில்லை, நீவி மடித்துத் தலையணைக்குக் கீழே வைக்கிறான். செல்போனை டிபார்ட்மென்ட்டில் சார்ஜ் போட்டுக்கொள்கிறான்.

“அட மக்கு, ஒரு யூனிட்டுல செல்போன அம்பது தடவ சார்ஜ் போடலாம்டா. ரெண்டு மாசத்துக்கும் சேத்தே நாலு ரூபா ஆகாது” என்றேன்.

“தெரியும் மாமா. பிசிக்ஸ்தான படிக்கிறேன்” என்று சிரித்தான். “நாளைக்குக் கணக்குன்னு வந்தா, நான் எரிக்கலன்னு சொல்றதுக்கு ஒண்ணு வேணும்ல.”

எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கீழே மூன்று பேர் முட்டைக்கும் சட்டைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஒருவன், தன் மேல் யாரும் வழக்குப் போடுவதற்கு முன்பே சாட்சியம் தயார் செய்துகொண்டிருக்கிறான். அவன்மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், நல்ல பையன்கள். ஆனால் கால் பங்கு என்று சொன்ன மாத்திரத்தில், அந்தக் கால் பங்கு ஒருவனுக்கு இரண்டு வேளை பிரியாணிச் செலவாகவும் இன்னொருவனுக்கு வீட்டில் ஒரு வாரச் செலவாகவும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தொகை என்பது சமம்தான். அந்தச் சமத்தை மாடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். பாக்கெட்டிலிருந்து ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து, “உன் பங்க நான் குடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேணாம்” என்று நீட்டினேன்.

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கோபப்படவில்லை. “வேணாம் மாமா. அப்புறம் ஃபேனுக்கு அடியில உக்காரும்போதெல்லாம் உங்க ஞாபகம் வரும்” என்றான்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்கிறீர்கள்! யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நான் சொன்னதில் இரக்கம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று இன்று வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்கும் மீட்டர் இல்லை.

அவனே பேச்சை மாற்றினான். வீராணத்துத் தண்ணீரைப் பற்றிச் சொன்னான். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வெட்டிய ஏரி. 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் அங்கிருந்தும் போகிறது. மடையைத் திறந்தால் தலைமடைக்காரன் வயலுக்கு முதலில் பாயும், கடைமடைக்காரன் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். “எங்க தாத்தா காலத்துல மொறை வச்சிருந்தாங்களாம். எந்த நிலத்துக்கு எத்தனை நாழி தண்ணின்னு. ராத்திரி ஆளு போய் மடையில நின்னு பாக்கணும். பாக்க ஆள் இருந்தா யாரும் திருட மாட்டாங்க, சண்டையும் வராதாம்.” அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் இதைப் போன்ற ஊர் முறைகளை உலகம் முழுக்கத் தேடிப் படித்து, பொதுச்சொத்தை ஜனங்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று எழுதி, 2009இல் நோபல் பரிசு வாங்கினார். பையன் அவரைப் படித்ததில்லை. தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறான்.

“இத கீழ வந்து சொல்லேண்டா.”

“நான் சொன்னா காசு இல்லாததால சொல்றேன்னு நெனப்பாங்க.”

அதனால் நான் போய்ச் சொன்னேன். பஞ்சாயத்துக்காரனாக எனக்கு அன்றைக்கு உருப்படியாக இருந்த வேலை அது ஒன்றுதான். ரீடிங் எடுக்க ஆள் வரும் நாள் வரைக்கும் ஏண்டா காத்திருக்கிறீர்கள், மீட்டர் உங்கள் வாசலில்தானே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவன் போய்ப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் எழுதட்டும். ஒரு வாரத்துக்கு ஐம்பத்தெட்டு யூனிட் வரைக்கும் பயமில்லை. நாற்பதாம் நாள் 350 தாண்டியிருந்தால் டியூப் லைட்டை எல்.இ.டி.யாக மாற்று, அயர்ன் பாக்ஸைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒப்படை.

பண்ருட்டிக்கு இது பிடித்துப்போயிற்று. “இண்டக்ஷன் ஸ்டவ் தொட்டா ஒரு தடவைக்கு அஞ்சு ரூபா ஃபைன் போடலாம்” என்று அவனே சொன்னான். நெய்வேலி வேண்டாம் என்றான். “அஞ்சு ரூபா போட்டுட்டா அப்புறம் நீ கூச்சமே இல்லாம தெனம் முட்டை அவிப்ப.” கெட்டிக்காரப் பையன். ஃபைன் வாங்க ஆரம்பித்தால் தப்பு என்ற உறுத்தல் போய், விலை கொடுத்து வாங்கிய சாமானாகிவிடும் என்பதை நானே அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

காட்டுமன்னார்கோவில் மாடியில் ஏன் உட்கார்ந்திருந்தான் என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் அக்கா மகன் என் முகத்தைப் பார்த்து ஏதோ யூகித்திருக்க வேண்டும். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கதவின் பின்பக்கம் பெரிதாக எழுதினான்: ரூம்ல ஆள் இருந்தா ஃபேன் சுத்தணும். ஒருத்தன் இருந்தாலும்.

“இது எதுக்குடா?” என்றான் பண்ருட்டி.

“ரூல்” என்றான் அவன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த 1,820ஐ நாலாகத்தான் பிரித்தார்கள். காட்டுமன்னார்கோவில் 455ஐயும் மூன்று தவணையில் கட்டினான் என்று அக்கா மகன் பிற்பாடு போனில் சொன்னான். குறைத்துக்கொள்ளச் சொன்னார்களாம், கேட்கவில்லையாம். அவன் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தானாம். அதை யார் கணக்கில் எழுதுவது என்று புதிதாக ஒரு சண்டை.

நவம்பரில் ரீடிங் எடுக்க வந்தார்கள். 488 யூனிட். 1,094 ரூபாய். ஆளுக்கு 273 ரூபாய் ஐம்பது காசு. ஐம்பது காசு எங்கேயும் செல்லாது என்று எல்லாரும் 274 வைத்தார்கள். மிச்சம் வந்த இரண்டு ரூபாயை மீட்டர் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அதே ஆணியில் மாட்டிவிட்டார்கள் என்றான்.